போம்பாவும் ஆர்21-உம்: பிலிப்பீன்ஸ் படங்களைச் சிங்கப்பூரிலிருந்து பார்த்தல்

2008 மே மாதம் கான் திரைப்பட விழாவின் முதன்மைப் போட்டிப் பிரிவில் தென்கிழக்காசியாவிலிருந்து இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று எரிக் கூவின் 'மை மேஜிக்'. அந்தப் பிரிவுக்குள் சென்ற முதல் சிங்கப்பூர்ப் படம் அது. படம் பேசிய மொழி தமிழ். இன்னொன்று பிரில்லாந்தே மெண்டோசாவின் 'செர்பிஸ்'. 1984-ல் லீனோ புரோக்காவின் 'பயான் கோ' போட்டியிட்ட பிறகு, கால் நூற்றாண்டு இடைவெளிக்குப் பின் பிலிப்பீன்சுக்குக் கிடைத்த அழைப்பு. முதல் படத்தில், பாஸ்கோ ஃபிரான்சிஸ் நடித்த குடிகார மந்திரவித்தைக்காரர் தன் மகனுக்காகக் கண்ணாடித் துண்டுகளை மெல்லுகிறார், பணம் கொடுப்பவன் முன்னால் தன் உடம்பை வதைத்துக்கொள்கிறார். இரண்டாவதில், ஆபாசப் படம் ஓட்டும் பழைய திரையரங்கு ஒன்றில் இளைஞர்கள் இருட்டில் தங்கள் உடலை விலைபேசுகிறார்கள். ஒன்றுக்குக் கண்ணியமான பார்வையாளர்கள் கிடைத்தார்கள்; மற்றொன்றைப் பார்த்துவிட்டுப் பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் இரண்டும் கேட்ட கேள்வி ஏறத்தாழ ஒன்றுதான். கையில் வேறு எதுவும் இல்லாதவன் உடம்பை வைத்து என்ன செய்வான்?

சிங்கப்பூர்த் தமிழ் வாசகர்களுக்குப் பிலிப்பீன்சின் 'வயது வந்தோர்' படங்களைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். அந்தப் படங்களின் வரலாறு, ஓர் அரசு எதைப் பார்க்க விடுகிறது, எங்கே விடுகிறது, யாருக்கு விடுகிறது என்பதன் வரலாறு. அதை நம் ஊரைவிட நன்றாகத் தெரிந்துகொண்ட ஊர் அதிகம் இல்லை. தவிர, பிலிப்பீன்சுக்கும் நமக்கும் திரைத்துறையில் பழைய உறவு ஒன்று உண்டு.

பலஸ்தியர் பக்கம் ஜாலான் அம்பாசில் ஷா சகோதரர்களின் மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ் படப்பிடிப்புத் தளம் 1967 வரை இயங்கியது. சிராங்கூன் சாலையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம். மலாய்ப் படம் எடுக்க இந்தியாவிலிருந்து இயக்குநர்களை வரவழைத்தார்கள். மலாய் நடிகர் பி. ரம்லிக்கு முதல் கதாநாயகப் பாத்திரம் கொடுத்த 'பக்தி' படத்தை 1950-ல் இயக்கியவர் எல். கிருஷ்ணன். போட்டி நிறுவனமான கேத்தே-கெரிசுக்காக 1957-ல் 'பொந்தியானாக்' எடுத்துப் பேய்ப்பட அலையைத் தொடங்கிவைத்தவர் கேரளத்து பி.என். ராவ். அதே ஐம்பதுகளின் பிற்பாதியில் ஷா நிறுவனம் மணிலாவிலிருந்தும் இயக்குநர்களை அழைத்துவந்தது. லம்பர்த்தோ அவெல்லானா 1958-ல் 'சார்ஜன் ஹசான்' எடுத்தார். ரமோன் எஸ்தெல்லா அடுத்தடுத்துப் பல படங்கள் இயக்கினார். தமிழ்நாட்டுக்காரரும் மலையாளியும் பிலிப்பினோவும் மலாய் நடிகர்களை வைத்துச் சீன முதலாளிகளுக்குப் படம் எடுத்த காலம் அது. அந்தப் பொதுக்களத்திலிருந்து பத்தே ஆண்டுகளில் மணிலாவும் சிங்கப்பூரும் எதிரெதிர் திசைகளில் போய்விட்டன.

சிங்கப்பூர் எடுத்த திசை 1959-லேயே தெரிந்துவிட்டது. தன்னாட்சி பெற்ற கையோடு மக்கள் செயல் கட்சி அரசாங்கம் 'மஞ்சள் கலாசார' எதிர்ப்பு இயக்கத்தைத் தொடங்கியது. ஆடை களையும் நடனம், ஆபாச ஏடுகள், பாட்டுப்பெட்டிகள் எல்லாம் அதன் பட்டியலில் இருந்தன. அதற்கு முன்புவரை ஆடை களையும் நடனக்காரி ரோஸ் சானின் பெயர் மலாயா முழுவதும் கூட்டம் சேர்த்தது. கிச்சனர் சாலையை ஒட்டி, லிட்டில் இந்தியாவின் விளிம்பில் இருந்த நியூ வோர்ல்ட் கேளிக்கைப் பூங்காவின் இரவு வாழ்க்கையும் மெல்ல வெளிறியது. இன்று அங்கே சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதி நிற்கிறது.

மணிலாவிலோ 1970-ல் 'உஹாவ்' என்ற படம் வந்தது. தலைப்புக்குத் தாகம் என்று பொருள். மெர்லி ஃபெர்னாண்டஸ் நடித்த அந்தப் படத்திலிருந்துதான் 'போம்பா' படங்களின் காலத்தைக் கணக்கிடுகிறார்கள். போம்பா என்றால் வெடிகுண்டு. அரசியல் மேடையில் எதிரியைப் பற்றிப் போட்டுடைக்கும் குற்றச்சாட்டுக்கும் அப்போது அதே பெயர். தெருவில் மாணவர் போராட்டம், திரையரங்கில் போம்பா. பெரிய ஸ்டுடியோக்கள் சரிந்துபோன வெற்றிடத்தில் சிறு தயாரிப்பாளர்கள் குறைந்த செலவில் எடுத்துத் தள்ளிய படங்கள் இவை. பெரும்பாலானவற்றைக் கலை என்று சொல்ல மாட்டேன். இன்று அவற்றின் பிரதிகள் கிடைப்பதே அரிது.

1972 செப்டம்பரில் அதிபர் மார்கோஸ் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். போம்பா நின்றது. ஆனால் இரண்டே ஆண்டில் செல்சோ காஸ்தில்லோ ஓர் ஓட்டை கண்டுபிடித்தார். 1969-ன் மிஸ் யூனிவர்ஸ் குளோரியா டியாசை வைத்து அவர் எடுத்த படத்தில் நிர்வாணம் கிடையாது. மெல்லிய வெள்ளை உள்ளாடையோடு கதாநாயகி தண்ணீரில் இறங்குவார், அவ்வளவுதான். 'ஈர ஆடைப் படங்கள்' என்று ஒரு வகையே பிறந்துவிட்டது. நம் மழைப்பாட்டுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. தணிக்கையாளரின் அளவுகோல் துணியை எண்ணியது. ஒளிப்பதிவாளர் தண்ணீரை நம்பினார்.

இந்த இடத்திலிருந்துதான் பிலிப்பீன்ஸ் கதை தமிழ்த் திரையின் கதையிலிருந்து பிரிகிறது. நம்மிடம் அந்தக் கவர்ச்சி ஒரு பாட்டுக்குள் அடைக்கப்பட்டது. கதை தன் வழியே போனது. சில்க் ஸ்மிதா வருவார், ஆடுவார், போவார். மணிலாவில் ஒரு தலைமுறையின் தலைசிறந்த இயக்குநர்கள் அந்த வகைக்குள்ளேயே நுழைந்து அதைக் கதையின் முதுகெலும்பாக்கினார்கள். புரோக்காவின் 'இன்சியாங்' 1976-ல் வெளிவந்தது. தொண்டோ குடிசைப் பகுதியில் தாயின் காதலனால் சிதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் பழிவாங்கல். இரண்டு ஆண்டுகள் கழித்து கானின் இயக்குநர்கள் பிரிவுக்குப் போனது. காஸ்தில்லோவின் 'பர்லெஸ்க் குவீன்' 1977-ல் வில்மா சாந்தோஸ் என்ற முன்னணி நட்சத்திரத்தை மேடை நடனக்காரியாக நிறுத்தியது. நம் பக்கம் அந்தக் காலத்து முதல்நிலை நாயகி ஒருவர் அப்படிப்பட்ட பாத்திரத்தை ஏற்றிருப்பாரா என்று யோசித்தால் வித்தியாசம் புரியும்.

1980-ல் இஷ்மாயேல் பெர்னால் 'மணிலா பை நைட்' எடுத்தார். போதை, விபச்சாரம், ஓரினக் காதல், பொய் நர்ஸ் வேடமிட்டுப் பிழைக்கும் பெண் என்று ஓர் இரவு நகரத்தின் குறுக்குவெட்டு. அதிபரின் மனைவி இமெல்டா மார்கோஸ் மணிலாவின் ஆளுநராக நகரத்தை அழகுபடுத்திக்கொண்டிருந்த நேரம். படத்தின் பெயரிலிருந்து 'மணிலா' நீக்கப்பட்டது, வசனங்களில் அந்தச் சொல் வரும் இடமெல்லாம் அடக்கப்பட்டது, பெர்லின் விழாவுக்கு அனுப்பவும் தடை. ஒரு நகரத்தின் பெயரை அதன் படத்திலிருந்தே வெட்டியெடுத்த தணிக்கை வேறு எங்கும் நடந்ததாக நான் படித்ததில்லை. சிங்கப்பூருக்கும் இதையொட்டிய அனுபவம் உண்டு. பீட்டர் போக்டனோவிச் 1978-ல் போலிக் கதைச்சுருக்கம் கொடுத்து இங்கே 'செயிண்ட் ஜாக்' படத்தை எடுத்தார். பூகிஸ் தெருவும் விடுதிகளும் அதில் அப்படியே பதிவாயின. படம் இங்கே 2006 வரை தடையில் இருந்தது. நகரம் மாறி, அந்தத் தெருக்கள் இடிக்கப்பட்டு, பதிவு மட்டும் மிஞ்சிய பிறகே நாம் அதைப் பார்க்க முடிந்தது.

இனி மணிலா திரைப்பட மையத்தின் கதை. இமெல்டா தன் சர்வதேசத் திரைவிழாவுக்காகக் கிரேக்கக் கோயில்போல ஒரு மாளிகையை இரவுபகலாகக் கட்டவைத்தார். 1981 நவம்பர் 17 அதிகாலை சாரம் சரிந்து தொழிலாளர்கள் ஈரக் கான்கிரீட்டில் புதைந்தார்கள். எத்தனை பேர் என்பதில் இன்றுவரை சர்ச்சை தீரவில்லை. 1982 ஜனவரியில் விழா நடந்தது. அடுத்த ஆண்டு அரசாங்கத்தின் கையில் பணம் இல்லை. விழாவின் செலவை ஈடுகட்ட, தணிக்கை செய்யப்படாத படங்களைத் திரையிட அனுமதி கொடுத்தார்கள். மக்கள் வரிசையில் நின்றார்கள். ராணுவச் சட்டத்தின் பெயரால் போம்பாவை ஒழித்த ஆட்சி, தன் மாளிகையிலேயே வெட்டுப்படாத படம் ஓட்டிக் கல்லா நிரப்பியது. ஒழுக்கமும் வருவாயும் ஒரே மேசையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்த நாள்கள் அவை. 1983 ஆகஸ்டில் எதிர்க்கட்சித் தலைவர் நினோய் அக்கினோ விமான நிலையத்தில் சுடப்பட்ட பிறகு பொருளாதாரம் சரிந்தது. ஆட்சி ஆட்டங்கண்ட அந்த ஆண்டுகளில்தான் திரையில் வெளிப்படையான படங்கள் பெருகின. ஜனங்களின் கோபத்தைத் திசைதிருப்பவே கதவு திறக்கப்பட்டது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. திறந்த கதவு வழியாக என்ன உள்ளே வந்தது என்பது மறுபாதி.

பெக்கே கல்யாகாவின் 'ஸ்கார்ப்பியோ நைட்ஸ்' 1985-ல் அந்தக் கதவு வழியாக வந்த படம். மணிலாவின் பழைய மரவீடு ஒன்று, மாடியில் மாணவர்கள், கீழே ஒரு காவலாளியும் அவன் மனைவியும். காவலாளி இரவுப் பணி முடிந்து வருகிறான். சாப்பிடுகிறான், வானொலி கேட்கிறான், விளக்கை அணைத்துத் தூங்கும் மனைவியை நெருங்குகிறான், உறங்குகிறான். ஒவ்வொரு இரவும் இதே வரிசை. மாடித் தரையில் ஓர் ஓட்டை. அதன்வழி ஒரு மாணவன் கவனித்துக்கொண்டே இருக்கிறான். காவலாளி வேலைக்குப் போயிருக்கும்போது கணவனின் ஒவ்வொரு அசைவையும் அப்படியே பின்பற்றி அவள் அறைக்குள் போகிறான். அவளுக்குத் தெரிகிறது, தடுக்கவில்லை. முடிவில் துப்பாக்கி வருகிறது, யாரும் மிஞ்சுவதில்லை. படம் முழுக்க வியர்வை, பலகையின் கிறீச்சு, பக்கத்து அறையில் கேட்கும் இருமல். தனிமை என்பதே இல்லாத வீட்டில் ஆசை மட்டும் எப்படித் தனியாக இருக்கும்? ஒவ்வொருவரும் ஒவ்வொருவரையும் ஒளிந்து பார்க்கும் நாடு அது. துப்பாக்கி வைத்திருப்பவனே கடைசியில் தீர்ப்பு எழுதுகிறான். ஓராண்டுக்குள், 1986 பிப்ரவரியில், மார்கோஸ் நாட்டைவிட்டு ஓடினார். இதைச் சிற்றின்பப் படம் என்று ஒதுக்கி வைப்பவர்கள் அந்த ஓட்டையை மட்டும் பார்த்துவிட்டு வீட்டைப் பார்க்காதவர்கள்.

ஆனால் இந்தச் சாதனைக்குப் பெண்கள் கொடுத்த விலையைச் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுதக்கூடாது. எண்பதுகளின் தொடக்கத்தில் மணிலாவில் சில இளம் நடிகைகளுக்குக் குளிர்பானங்களின் பெயர்களையே திரைப்பெயராக வைத்து விற்றார்கள். அவர்களில் ஒருவரான பெப்சி பலோமா 1985 மே மாதம் இறந்தார். இருபது வயதைக்கூட எட்டவில்லை. சென்னையில் 1996 செப்டம்பரில் சில்க் ஸ்மிதா இறந்தார். இரு நகரங்களிலும் அவர்களின் சுவரொட்டியால் பிழைத்தவர்கள் அவர்களோடு நின்று பேசத் தயங்கினார்கள். மலையாளத்தில் 2000-ல் வந்த 'கின்னாரத் தும்பிகள்' சென்னையில் வளர்ந்த ஷகீலாவை ஒரே இரவில் நட்சத்திரமாக்கியது. தமிழ்நாட்டின் காலைக்காட்சிகள் அவரால் நிரம்பின. அவர் பின்னாளில் தன் வாழ்க்கையைத் தானே எழுதினார். தமிழ்த் திரை அந்தப் பக்கத்திலிருந்து பார்க்க 2019 ஆயிற்று. 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் வீட்டில் திருட்டுத்தனமாகப் 'பிட்டுப் படம்' பார்க்கும் பையன் திரையில் தன் தாயைக் காண்கிறான். தியாகராஜன் குமாரராஜா அந்தத் தாயை வெட்கப்படவைக்கவில்லை. அதுவும் ஒரு படம்தான் என்ற நிலையில் அவள் நிற்கிறாள். புரோக்காவும் பெர்னாலும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நின்ற இடம் அது.

சிங்கப்பூரில் அந்தக் கதவு 1991 ஜூலை 1-ல் திறந்தது. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கான 'ஆர்' வகை அறிமுகமானது. வயதுவந்தோர் தீவிரமான படங்களை வெட்டில்லாமல் பார்க்கட்டும் என்பது நோக்கம். விநியோகஸ்தர்கள் இறக்கியதோ மூன்றாந்தர மென்காமப் படங்களை. குடியிருப்புப் பேட்டைகளின் திரையரங்கு வாசல்களில் அந்தச் சுவரொட்டிகள் தொங்கின. பெற்றோர் கொதித்தார்கள். ஆகஸ்ட் 31-ல் பொதுத்தேர்தல். எதிர்க்கட்சிகள் நான்கு இடங்களில் வென்றன. செப்டம்பரிலேயே 'ஆர்' போய் 'ஆர்ஏ' வந்தது. கலைத்தரம் வேண்டும், வயது 21, வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் பேட்டைகளில் திரையிடக்கூடாது. 2004-ல் எம்18, ஆர்21 என்று பெயர்கள் மாறின. ஆர்21 படம் பேட்டைக்குள் வரக்கூடாது என்ற விதி தொடர்ந்தது.

ஒரு படத்தை வயதால் பிரிப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். முகவரியால் பிரிப்பது நம் ஊர் ஏற்பாடு. மணிலாவிலும் எஸ்எம் கடைத்தொகுதிகள் வயதுவந்தோர் படங்களைத் தங்கள் திரைகளில் ஓட்டமாட்டோம் என்று முடிவெடுத்தன. நாட்டின் திரைகளில் பெரும்பங்கு அவற்றின் கையில் இருந்ததால் அதுவே நடைமுறைத் தடையாயிற்று. அங்கே வணிகம் போட்ட கோட்டை இங்கே அரசாங்கம் போட்டது. 2015-ல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் லிட்டில் இந்தியாவையும் கேலாங்கையும் தனி மண்டலங்களாக்கியபோதும் அதே கோடுதான் என் நினைவுக்கு வந்தது. எது தவறு என்று சொல்வதற்குப் பதில் எங்கே தவறு என்று சொல்லும் பழக்கம்.

அந்த ஏற்பாட்டின் விளைவு ஒன்றை இயூ டோங் சென் ஸ்திரீட்டில் பார்த்தோம். 1977-ல் பேர்ல்ஸ் சென்டரில் சீனப் படங்களோடு தொடங்கிய யாங்சே திரையரங்கு, பிற்காலத்தில் ஆர்21 படங்களின் புகலிடமானது. பகல் காட்சிக்கு வயதான ஆண்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். பல பேருக்குக் குளிரூட்டிய இருட்டும் தனியாக இருக்க ஓரிடமும் தேவைப்பட்டன. ரயில் பாதைக்காகக் கட்டடம் கையகப்படுத்தப்பட்டு 2016 பிப்ரவரியில் அது மூடப்பட்டது. அப்போது நாளிதழ்களில் ஏக்கமான கட்டுரைகள் வந்தன. மெண்டோசாவின் 'செர்பிஸ்' படத்தை இங்கிருந்துதான் நான் புரிந்துகொள்கிறேன். ஆஞ்சலஸ் நகரத்தில் அந்தத் திரையரங்கின் பெயரே 'ஃபேமிலி'. நடத்தும் குடும்பம் அதற்குள்ளேயே சமைக்கிறது, துவைக்கிறது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறது. சுவரொட்டி வரையும் இளைஞனின் பிட்டத்தில் ஒரு கட்டி. அவன் ஒரு கண்ணாடிப் போத்தலை வைத்து அதை உறிஞ்சி எடுக்கிறான். ஒரு காட்சியின் நடுவே ஆடு ஒன்று அரங்குக்குள் புகுந்துவிடுகிறது. கழிவறை நிரம்பி வழிகிறது. பாட்டி, ஓடிப்போய் இன்னொரு குடும்பம் வைத்த கணவன்மேல் நீதிமன்றத்தில் வழக்காடிக்கொண்டிருக்கிறாள். வெளியே வாகன இரைச்சல் ஒரு நிமிடம்கூட ஓயவில்லை. திரையில் ஓடும் காமத்தைவிட மாடிப்படியில் நடக்கும் குடித்தனம் நம்மை அதிகம் தொந்தரவு செய்கிறது. யாங்சேயைப் பற்றி இப்படியொரு படம் சிங்கப்பூரில் வரவில்லை என்பது என் மனக்குறை.

வர முயன்றபோது என்ன நடந்தது என்பதற்கு 2012 சாட்சி. கென் குவெக்கின் மூன்று குறும்படத் தொகுப்பில் 'போர்ன் மசாலா' ஒன்று. ஆபாசப் படம் எடுக்கும் இயக்குநராக ஏட்ரியன் பாங், அவரிடம் மாட்டிக்கொண்ட இந்திய நடிகராக வடி பிவிஎஸ்எஸ். இயக்குநர் இந்தியர்களை இழிவாகப் பேசுகிறார். முதலில் எம்18 பெற்ற படம், அக்டோபரில் வெளியீட்டுக்குச் சில நாள்களுக்கு முன் தடைசெய்யப்பட்டது. இனவெறி பேசுபவனைத்தான் கேலி செய்தேன் என்றார் குவெக். 2013 தொடக்கத்தில் மேல்முறையீட்டில் வெட்டுகளோடு ஆர்21 கிடைத்தது. உடலைப் பற்றிய படத்தை இங்கே கடைசியில் நிறுத்தியது உடல் அல்ல, இனம். அந்த வசனங்கள் புண்படுத்தும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் வேலைத்தளத்திலும் வாடகை விளம்பரத்திலும் கேட்ட சொற்களைத் திரையில் ஒரு தமிழ் நடிகர் எதிர்கொள்வதைப் பெரியவர்கள் பார்க்கலாம் என்றே நினைக்கிறேன்.

மணிலாவிலும் கதவு மறுபடி சாத்தப்பட்டது. ஹோசே ஹவியர் ரெயெஸின் 'லைவ் ஷோ' மேடையில் பணத்துக்காக உறவு கொள்ளும் ஏழை இளைஞர்களைப் பற்றியது. கர்தினால் சின் கண்டித்தார். 2001 மார்ச்சில், பதவியேற்று இரண்டே மாதமான அதிபர் அரோயோ தடைசெய்தார். அறிஞரான தணிக்கை வாரியத் தலைவர் நிக்கனோர் தியோங்சன் பதவி விலகினார். தெருவில் இறங்கி அரோயோவைப் பதவிக்குக் கொண்டுவந்த கலைஞர்களில் பலர் அதே தெருவில் அவருக்கு எதிராக நின்றார்கள்.

எல்லாவற்றையும் சிங்கப்பூரோடு இறுக்கிக் கட்டும் முடிச்சு ஒன்று உண்டு. 1995 மார்ச் 17-ல் இங்கே தூக்கிலிடப்பட்ட பிலிப்பினோ இல்லப் பணிப்பெண் ஃபுளோர் கொண்டெம்பிளாசியோன். அதே ஆண்டு ஜோயல் லமங்கான் நோரா அவுனோரை வைத்து அவர் கதையைப் படமாக்கினார். கெய்ரோ விழாவின் தங்கப் பிரமிடு விருது கிடைத்தது. அதே லமங்கான் 2021-ல் 'லாக்டவுன்' எடுத்தார். வெளிநாட்டு வேலையை இழந்து பெருந்தொற்றில் ஊர் திரும்பும் இளைஞன், குடும்பத்துக்குப் பணம் வேண்டி இணைய ஒளிக்கருவி முன் ஆடை களைகிறான். வீட்டுக்குப் பணம் அனுப்பும் கடமை ஒருவரை ஆர்ச்சர்ட் சாலையின் அடுக்குமாடிக்குக் கொண்டுவருகிறது. இன்னொருவரை ஒளிக்கருவிக்கு முன் நிறுத்துகிறது. ஒரே இயக்குநர், 26 ஆண்டு இடைவெளியில், இரண்டையும் ஒரே பொருளாதாரமாகப் பார்த்தார். அந்த ஆண்டு ஜனவரியில்தான் பிலிப்பீன்சின் இணையத் திரைச்சேவையான விவாமேக்ஸ் தொடங்கியது. போம்பாவின் வாரிசுகள் இப்போது கைபேசிக்குள் இருக்கிறார்கள். பேட்டை, நகரம் என்ற கோடு அங்கே செல்லாது. அதில் வரும் படங்களில் பலவற்றைப் பார்க்கும்போது கல்யாகாவின் வீடு இல்லாமல் ஓட்டை மட்டும் மிஞ்சியதுபோல இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை லக்கி பிளாசாவில் பணம் அனுப்பும் கடைகளின் முன் நிற்கும் பிலிப்பினோப் பெண்களும், தேக்காவில் அதே வேலையாக நிற்கும் நம் ஊழியர்களும் சினிமாவுக்குச் செலவழித்த நேரம் இந்த நகரத்தின் திரை வரலாற்றில் எங்கும் பதிவாகவில்லை. மெக்கன்சி சாலையில் 1946-ல் திறந்து, 1983-ல் மூடி, 2009-ல் தமிழ்ப் படங்களோடு மீண்டும் திறந்த ரெக்சைப் பற்றி எழுதுபவர்களும் கட்டடத்தைத்தான் எழுதுகிறார்கள். அந்தப் பதிவைச் செய்வதற்கு ஆளும் கருவியும் இங்கே உண்டு. மைக் டி லியோனின் 'பேட்ச் 81', ராணுவச் சட்டக் காலத்து மாணவர் சங்கச் சித்திரவதையைச் சொன்ன படம். அதை மீட்டெடுத்து 2017 வெனிஸ் விழாவில் திரையிட வைத்தது சிங்கப்பூரின் ஏஷியன் ஃபிலிம் ஆர்க்கைவ். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் சாதாரண மக்களின் குரலைப் பதிவு செய்துவருகிறது. யாங்சேயின் படம் ஓட்டிகள், சிராங்கூன் சாலையில் மேசைக்கு அடியிலிருந்து ஒளிநாடா எடுத்துக் கொடுத்த கடைக்காரர்கள், 1991 ஜூலையில் பேட்டைத் திரையரங்கில் டிக்கெட் கிழித்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களில் தமிழ் பேசுபவர்களிடமிருந்தாவது இந்தக் கேள்விகளைத் தமிழில் கேட்கத் தொடங்கலாம்.